சாப்ளினின் சொத்தைக் கணக்கிடுவது எப்படி: நகைச்சுவைக் கலைஞர்களைப் பற்றி எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நகைச்சுவை நடிகரைப் பற்றி எழுத உட்காருகிறவர்களில் பலர் முதலில் இணையத்தில் தேடுவது அவருடைய சொத்து மதிப்பைத்தான். தேடியவுடன் ஒரு தொகை கண்ணில் படும். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டின் கணக்கு, வரியும் கடனும் கழிக்கப்பட்டனவா என்ற விவரம் எதுவும் அதனுடன் இருக்காது. அதை அப்படியே எடுத்தெழுதுவது, தானே கதை அமைத்து, தானே நடித்து, தன் உழைப்பின் பலன் தன்னிடமே தங்க வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடிய ஒரு கலைஞருக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன். அப்படிப்பட்ட ஒருவரின் தொழில் வாழ்க்கையையும் வருமானத்தையும் நேர்மையாக எப்படி ஆராய்ந்து எழுதுவது என்பதை, சார்லி சாப்ளினை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நடிகர், கதாசிரியர், இயக்குநர், தயாரிப்பாளர், இசையமைப்பாளர் என்ற ஐந்து நிலைகளிலும் அவர் சம்பாதித்தார். அவருடைய ஒப்பந்தத் தொகைகளும் நன்கு பதிவாகியுள்ளன.

முதலில் ஒப்பந்தங்களைக் கால வரிசைப்படி அடுக்குங்கள்

மொத்தத் தொகையை மறந்துவிட்டு, ஒரு தாளில் ஆண்டுகளை எழுதி, ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே அந்த ஆண்டின் ஒப்பந்தத்தை எழுதுங்கள். 1889இல் லண்டனில் பிறந்து, ஏழு வயதில் லாம்பெத் ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்ட சாப்ளின், ஃபிரெட் கார்னோவின் மேடை நகைச்சுவைக் குழுவில் 1908இல் சேர்ந்தார். அந்தக் குழுவுடன் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது, 1913ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கீஸ்டோன் நிறுவனத்துடன் வாரம் 150 டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1914 பிப்ரவரியில் அவருடைய முதல் படம் வெளியானது.

அந்த ஆண்டிலேயே தன் படத்தைத் தானே இயக்க அனுமதி கேட்டார். படம் தோற்றால் 1,500 டாலரைத் தன் கையிலிருந்து தருவதாக அவர் உறுதி கொடுத்த பிறகே கீஸ்டோனின் தலைவர் மேக் சென்னட் சம்மதித்தார். வாரம் 150 டாலர் வாங்குகிறவருக்கு 1,500 டாலர் என்பது பத்து வாரச் சம்பளம். இயக்கிய ஒவ்வொரு படத்துக்கும் கூடுதலாகக் கிடைத்ததோ 25 டாலர்தான். இத்தகைய சிறிய எண்களை ஒதுக்கிவிடாதீர்கள். தன் எழுத்தின்மீதும் இயக்கத்தின்மீதும் ஒருவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை ஒரு கோடி டாலர் ஒப்பந்தத்தைவிட இந்த 1,500 டாலர் தெளிவாகக் காட்டுகிறது.

ஆண்டு முடிவில் வாரம் 1,000 டாலர் கேட்டார், சென்னட் மறுத்தார். எஸ்ஸனே நிறுவனம் வாரம் 1,250 டாலரும், கையெழுத்திடும்போது 10,000 டாலரும் தர முன்வந்தது. 1916இல் மியூச்சுவல் நிறுவனம் ஆண்டுக்கு 6,70,000 டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. இந்தத் தொகையைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. வாரம் 10,000 டாலர் வீதம் 52 வாரங்களுக்கு 5,20,000 டாலர். அதனுடன் கையெழுத்திடும்போது தரும் தொகையாக 1,50,000 டாலர். இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது தொகை பொருந்தினால் தரவை நம்பலாம். பொருந்தாவிட்டால் வேறு ஆதாரம் தேடுங்கள். அப்போது அவருக்கு வயது 26.

பழைய டாலரை இன்றைய பணமாக மாற்றும்போது

6,70,000 டாலரை இன்றைய மாற்று விகிதத்தில் ரூபாயாக்கி எழுதுவது பெருந்தவறு. அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 1916இல் சராசரியாக 10.9, 2023இல் 304.7. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஏறத்தாழ 28 வருகிறது. ஆகவே அந்த ஆண்டு வருமானம் 2023ஆம் ஆண்டின் விலைவாசியில் சுமார் 1 கோடியே 87 லட்சம் டாலருக்குச் சமம். ரூபாயில் சொல்ல வேண்டுமானால் இந்தத் தொகையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்த ஆண்டின் விலைக் குறியீட்டைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

வரியையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கூட்டாட்சி வருமான வரியின் உச்ச விகிதம் 1916இல் 15 சதவீதம்; முதல் உலகப் போரின் செலவால் 1917இல் அது 67 சதவீதமாகவும், 1918இல் 77 சதவீதமாகவும் உயர்ந்தது. உச்ச விகிதம் மிகப் பெரிய வருமானத்தின் மேற்பகுதிக்கு மட்டுமே பொருந்தும் என்றாலும், இரண்டே ஆண்டுகளில் சட்டம் இவ்வளவு மாறிய காலத்தில் சம்பளத் தொகையைக் கையில் தங்கிய பணமாக எண்ணிவிட முடியாது.

படம் யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள்

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. நடிகருடைய சம்பளம் அவருடைய சந்தை மதிப்பைக் காட்டும். அவருடைய சொத்தைத் தீர்மானிப்பது படத்தின் உரிமை.

எஸ்ஸனே நிறுவனத்தில் நடந்ததை உற்றுப் பாருங்கள். கார்மென் இசை நாடகத்தைக் கேலி செய்து சாப்ளின் இரண்டு சுருள் அளவில் ஒரு படத்தை எடுத்துத் தொகுத்து வைத்தார். அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறியதும், அவர் வேண்டாமென்று கழித்துப்போட்ட காட்சிகளையும் வேறு நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்த காட்சிகளையும் சேர்த்து, எஸ்ஸனே அதை நான்கு சுருள் படமாக நீட்டி 1916இல் வெளியிட்டது. சாப்ளின் நீதிமன்றம் சென்றார், தோற்றார். கதையும் நடிப்பும் இயக்கமும் தொகுப்பும் அவருடையவை. ஆனாலும் சட்டத்தின் பார்வையில் படம் சம்பளம் கொடுத்தவருக்கே சொந்தம். முடிந்த படத்தை எவரும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையைப் பிற்கால ஒப்பந்தங்களில் அவர் வலியுறுத்தியதற்கு இந்தத் தோல்வியே காரணம். ஒரு கலைஞரின் வாழ்க்கையை ஆராயும்போது இதுபோன்ற திருப்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த விருதுகளைவிட அவர் தோற்ற வழக்குகள் அவருடைய பொருளாதார வாழ்க்கையை அதிகம் விளக்கக்கூடும்.

1917இல் ஃபர்ஸ்ட் நேஷனல் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம் எட்டுப் படங்களுக்குப் பத்து லட்சம் டாலர். பெரும்பாலான கட்டுரைகள் இந்தப் பத்து லட்சத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இங்கே பணத்தின் தன்மையே மாறிவிட்டது. இது சம்பளம் அன்று; தயாரிப்பாளர் என்ற முறையில் அவருக்குக் கிடைத்த முன்பணம். படச் செலவை அவரே ஏற்க வேண்டும். விநியோகக் காலம் முடிந்ததும் படங்களின் உரிமை அவரிடம் வந்து சேரும். ஹாலிவுட்டில் லா பிரியா அவென்யூவில் சொந்தப் படப்பிடிப்புத் தளத்தையும் கட்டிக்கொண்டார். 1918 ஜனவரியில் அது தயாரானது.

அவருடைய படங்களில் 1918 முதல் அவர் சொந்தமாகத் தயாரித்த படங்களின் உரிமை இன்று அவருடைய குடும்பத்தின் சார்பில் ராய் எக்ஸ்போர்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. உலகமே வியந்த சம்பளத்தைப் பெற்று மியூச்சுவல் நிறுவனத்தில் அவர் எடுத்த பன்னிரண்டு படங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நீங்கள் எழுதிய ஆண்டுப் பட்டியலில் 1917க்கும் 1918க்கும் இடையே ஒரு தடித்த கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பது வருமானம். கீழே இருப்பது சொத்து.

1919 பிப்ரவரியில் நடிகர்கள் மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற விநியோக நிறுவனத்தை அவர் தொடங்கினார். ஒவ்வொருவரும் தத்தம் பணத்தில் படமெடுக்க, நிறுவனம் அதை வெளியிட்டுக் கொடுக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் ஃபர்ஸ்ட் நேஷனலுக்குத் தர வேண்டிய படங்கள் பாக்கி இருந்ததால், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் மூலம் அவருடைய முதல் படம் 1923இல்தான் வெளிவந்தது. அதிலும் அவர் கதாநாயகனாக நடிக்கவில்லை. நிறுவனம் தொடங்கிய ஆண்டையே வருமானம் தொடங்கிய ஆண்டாக எழுதிவிடும் பிழை பல கட்டுரைகளில் காணப்படுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே காலத்து நகைச்சுவை நடிகர்கள் இருவர் இருக்கிறார்கள். பஸ்டர் கீட்டனின் திறமை சாப்ளினுக்குச் சற்றும் குறைந்ததன்று. சில படங்களில் அவரே உயர்ந்து நிற்கிறார் என்பது என் கருத்து. ஆனால் அவருடைய படங்களின் உரிமை தயாரிப்பாளர் ஜோசப் ஷென்க்கின் தரப்பிடம் இருந்தது. 1928இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் வாரம் 3,000 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார், 1933இல் வெளியேற்றப்பட்டார், அதன்பின் கடும் பண நெருக்கடியில் விழுந்தார். ஹெரால்டு லாய்டோ தயாரிப்பாளர் ஹால் ரோச்சைப் பிரிந்து சொந்த நிறுவனம் தொடங்கி, தன் படங்களின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பெவர்லி ஹில்ஸில் அவர் கட்டிய 44 அறைகள் கொண்ட மாளிகையில் 1971இல் இறக்கும் வரை வாழ்ந்தார். மூவரையும் மக்கள் கொண்டாடினார்கள். மூவரின் முதுமையும் வேறு வேறாக அமைந்ததற்கு அவர்கள் கையெழுத்திட்ட தாள்கள் பெருங்காரணம்.

வசூலை லாபமாக எழுதாதீர்கள்

திரையரங்கில் ஒரு டாலர் வசூலானால், அதில் ஒரு பகுதியைத் திரையரங்கம் எடுத்துக்கொள்ளும். விநியோகக் கட்டணம் போகும். பிரதிகளின் செலவும் விளம்பரச் செலவும் போகும். மிச்சத்திலிருந்துதான் படமெடுத்த செலவைக் கழிக்க வேண்டும். ‘சிட்டி லைட்ஸ்’ படத்துக்கு சாப்ளின் செலவிட்டது சுமார் 15 லட்சம் டாலர். முழுவதும் அவருடைய பணம். பேசும் படங்கள் திரையரங்குகளைப் பிடித்துவிட்ட பிறகு, 1931இல், வசனமில்லாத ஒரு படத்தின்மீது இவ்வளவு பணத்தை அவர் வைத்தார். நியூயார்க்கில் திருப்தியான ஏற்பாடு அமையாததால் ஜார்ஜ் எம். கோஹன் திரையரங்கைத் தாமே வாடகைக்கு எடுத்து, விளம்பரத்துக்கும் தாமே செலவிட்டுப் படத்தை ஓட்டினார். படம் 30 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. இதைப் பற்றி எழுதும்போது ஈட்டிய தொகையை மட்டும் சொல்லாமல், போட்ட பணம், பணம் முடங்கிக் கிடந்த ஆண்டுகள், அவர் துணிந்து ஏற்ற இழப்பு அபாயம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1928 இறுதியில் தொடங்கிய படப்பிடிப்பு 1930 வரை நீண்டது. அத்தனை மாதங்களும் தளத்துப் பணியாளர்களுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது.

எழுத்தின் பங்கைத் தனியாகப் பாருங்கள்

எழுத்தாளராகவும் இருக்கும் நடிகரைப் பற்றி எழுதுவோர் அடிக்கடி விட்டுவிடும் பகுதி இது. சாப்ளினின் தொடக்க காலப் படங்களுக்கு முழுமையான திரைக்கதைப் படி கிடையாது; கேமராவுக்கு முன்னால் நடித்துப் பார்த்து, திருத்தி, மறுபடி நடித்துத்தான் கதையை உருவாக்கினார். எனவே அவருக்குக் கதைக் கட்டணம் எவ்வளவு என்று தேடினால் விடை கிடைக்காது; அது தயாரிப்பாளரின் பங்குக்குள்ளேயே கலந்திருக்கிறது.

ஆனால் எழுத்து தொடர்பாகப் பணம் வெளியே போன இடங்கள் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றன. 1947இல் வெளியான ‘மான்சியர் வெர்டு’ படத்தின் மூலக் கருத்து இயக்குநர் ஆர்சன் வெல்ஸிடமிருந்து 5,000 டாலருக்கு வாங்கப்பட்டது. படத்தின் பெயர் வரிசையிலும் வெல்ஸின் பெயர் இடம்பெற்றது. ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தின் கருத்து தன்னுடையது என்று எழுத்தாளர் கான்ராட் பெர்கோவிச்சி தொடுத்த வழக்கு, 95,000 டாலர் கொடுத்துச் சமரசத்தில் முடிந்தது. சமரசம் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள்படாது. அந்த வேறுபாட்டைக் கவனமாகக் காத்து எழுதுங்கள்.

இசை இன்னொரு கிளை. 1936இல் வெளியான ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்துக்காக அவர் அமைத்த ஒரு மெட்டுக்கு, 1954இல் ஜான் டர்னரும் ஜெஃப்ரி பார்சன்ஸும் வரிகள் எழுதி ‘ஸ்மைல்’ என்று பெயரிட்டனர். நாட் கிங் கோல் பாடிப் புகழ்பெற்றது. படம் வெளியாகிப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதன் ஒரு மெட்டிலிருந்து புதிய வருமான வழி பிறந்தது. ஒரு கலைஞரின் படைப்புகளைப் பட்டியலிடும்போது கதை, வசனம், இசை, பாடல் என்று ஒவ்வோர் உரிமையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கழிக்க வேண்டியவற்றைத் தயங்காமல் கழியுங்கள்

1920இல் முதல் மனைவி மில்ட்ரெட் ஹாரிஸுடன் மணமுறிவு வழக்கு நடந்தபோது, ‘தி கிட்’ படத்தின் சுருள்களை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் பறிமுதல் செய்யக்கூடும் என்று அஞ்சி, நான்கு லட்சம் அடிக்கு மேற்பட்ட படச்சுருளுடன் கலிஃபோர்னியாவைத் தாண்டி சால்ட் லேக் சிட்டிக்குப் போய், அங்கே ஒரு ஓட்டல் அறையில் படத்தைத் தொகுத்ததாக சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த வேளையில் அவருடைய சொத்தில் பெரும்பகுதி அந்த அறையில் சுருள் சுருளாகக் கிடந்தது என்றே சொல்ல வேண்டும். 1927இல் இரண்டாம் மனைவி லீட்டா கிரேக்கு அளித்த மணமுறிவுத் தொகை ஆறு லட்சம் டாலருக்கு மேல்; அமெரிக்க நீதிமன்றங்கள் அதுவரை கண்டவற்றில் அது மிகப் பெரியதாகப் பேசப்பட்டது.

1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சிக்கு முன்பே தன் பங்குகளை விற்றுவிட்டதாகவும் அவர் அதே நூலில் சொல்கிறார். இத்தகைய செய்திகளை எழுதும்போது ‘அவர் சொல்கிறார்’ என்ற சொற்களை நீக்கிவிடாதீர்கள். சுயசரிதை சாட்சியம், கணக்குப் புத்தகத்தின் இடத்தில் அதை வைக்க முடியாது.

1952 செப்டம்பரில் குடும்பத்துடன் கப்பலில் லண்டன் புறப்பட்ட மறுநாள், அவர் மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான அனுமதியை அந்நாட்டு அட்டர்னி ஜெனரல் ரத்து செய்தார். அமெரிக்கக் குடிமகளாக இருந்த மனைவி ஊனா, அங்கிருந்த சொத்து விவகாரங்களைத் தீர்க்கத் திரும்பிச் சென்றார். அடுத்த ஆண்டில் குடும்பம் சுவிட்சர்லாந்தின் கோர்சியே-சுர்-வெவே ஊரில் குடியேறியது. அமெரிக்க வீடும் படப்பிடிப்புத் தளமும் விற்பனைக்கு வந்தன. 1955இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸில் தனக்கிருந்த 25 சதவீதப் பங்கை 11 லட்சம் டாலருக்கு அவர் விற்றார். மறு ஆண்டு மேரி பிக்ஃபோர்ட் தன் பங்கை 30 லட்சம் டாலருக்கு விற்றார். ஒரே நிறுவனம், ஓராண்டு இடைவெளி. அமெரிக்காவுக்குத் திரும்ப முடியாதவர் விற்கும் விலையும், உள்ளூரில் இருந்துகொண்டு காத்திருக்க முடிந்தவர் விற்கும் விலையும் ஒன்றாக இருக்குமா என்ற கேள்வியை வாசகர் முன் வைப்பது எழுதுகிறவரின் கடமை. விலை வேறுபாட்டுக்கு நுழைவு அனுமதி ரத்தானதே காரணம் என்று தீர்மானமாக எழுதுவதற்கு மட்டும் உங்களிடம் ஆதாரம் வேண்டும்.

இறப்புக்குப் பின் தொடரும் கணக்கு

சாப்ளின் 1977 டிசம்பர் 25 அன்று இறந்தார். அமெரிக்கச் சட்டப்படி, உரிமை முறையாகப் பேணப்பட்ட அக்காலப் படங்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1931இல் வந்த படத்துக்கு அது 2026 இறுதியில் முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி வேறு. முதன்மை இயக்குநர், திரைக்கதை ஆசிரியர், வசன ஆசிரியர், படத்துக்கென்றே இசையமைத்தவர் ஆகிய நால்வரில் கடைசியாக இறப்பவரின் காலத்துக்குப் பின் 70 ஆண்டுகள் என்பது அந்த விதி. சாப்ளினின் பெரும்பாலான படங்களில் இந்த நான்கு வேலைகளையும் அவர் ஒருவரே செய்திருப்பதால், அவர் இறந்த ஆண்டே கணக்கின் தொடக்கமாகிறது. இந்தியாவில் திரைப்படத்துக்குப் பாதுகாப்புக் காலம் 60 ஆண்டுகள். ஒரே படம் ஒரு நாட்டில் பொதுவுடைமையாகவும் மற்றொரு நாட்டில் தனியுடைமையாகவும் இருக்கக்கூடும் என்பதால், நாட்டின் பெயரைச் சொல்லாமல் உரிமையின் மதிப்பை எழுத முடியாது.

இன்றைய கலைஞர்களுக்கு இம்முறையைப் பொருத்தும்போது

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1989 முதல் 1998 வரை ஓடிய ‘சைன்ஃபெல்ட்’ தொடரில், துணை நடிகர்கள் மூவரும் கடைசிப் பருவத்தில் ஒரு பகுதிக்கு ஆறு லட்சம் டாலர் வீதம் பெற்றார்கள். ஆனால் தொடரை உருவாக்கியவர்களாக ஜெர்ரி சைன்ஃபெல்டும் லாரி டேவிடும் மறு ஒளிபரப்பு விற்பனையில் பெற்ற பங்குக்கு இணையானது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இங்கும் அதே கேள்விதான்: உருவாக்கியவர் என்று யார் பெயர் இருக்கிறது? மறு ஒளிபரப்புக்கான பங்குத்தொகை குறித்து 1960இல் ஹாலிவுட் நடிகர்களும் எழுத்தாளர்களும் நடத்திய வேலைநிறுத்தங்கள் முக்கியமான எல்லைக்கோடு என்பதால், ஒரு படைப்பு அந்த ஆண்டுக்கு முந்தையதா பிந்தையதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதி நடித்த கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும். திரைப்படத்தில் இடம்பெறும் எழுத்துக்கும் இசைக்கும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவதைத் தவிர்த்த பிற பயன்பாடுகளில் கிடைக்க வேண்டிய உரிமைத்தொகையைப் படைத்தவர் மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி அந்தச் சட்டம் காத்தது. அதற்கு முன் எழுதியவரையும் பின் எழுதியவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

ஆதாரம் தேடுவோருக்கு ஒரு செய்தி. சாப்ளினின் தயாரிப்புக் குறிப்புகளும் கடிதங்களும் அடங்கிய ஆவணங்களை இத்தாலியின் போலோன்யா நகரிலுள்ள திரைப்படக் காப்பகம் எண்ணியல் வடிவில் ஒழுங்குபடுத்தியிருக்கிறது. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸின் பழைய அலுவலகப் பதிவேடுகள் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பாதுகாக்கப்படுகின்றன. இவற்றையோ, இவற்றைப் பார்த்து எழுதியவர்களையோ தேடிச் செல்லுங்கள். கடைசியில், உங்கள் கட்டுரையில் ஒற்றைத் தொகையை எழுதும் இடத்தில், எந்த ஆண்டில், எந்த ஒப்பந்தத்தில், எந்த உரிமையுடன், எவ்வளவு பெற்றார் என்று நான்கைந்து வாக்கியங்களாக விரித்து எழுதுங்கள்; உறுதி செய்ய முடியாத மொத்தத் தொகைக்கு அந்தப் பத்தியில் இடம் கொடுக்காதீர்கள்.